பழைய கச்சேரிப் பதிவா? முதலில் தம்புராவைக் கேளுங்கள்

மறுவெளியீடாக வந்த பழைய கச்சேரி கையில் கிடைத்தால் நான் பாடகரைக் கேட்க அவசரப்படுவதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆலாபனையில் அவர் மூச்சு வாங்கும் இடங்களில் தம்புரா என்ன ஆகிறது என்று கவனிப்பேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஆட்டோ சத்தம் அடங்க இரவு பத்து மணி ஆகும். இந்த வேலைக்கு அந்த நேரம்தான் தோது.

ஏன் தம்புரா? இரைச்சலை நீக்கும் மென்பொருள், விடாமல் ஒரே சீராக ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். டேப்பின் 'உஸ்' சத்தமும் அப்படித்தான் ஒலிக்கிறது, தம்புராவின் ரீங்காரமும் அப்படித்தான். அளவு மீறிச் சுத்தம் செய்த பதிவில் பாட்டு நின்றதும் தம்புராவும் காணாமல் போகும், அல்லது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். அங்கே கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன்) கடைசி இழையும் 'ஸ', 'ஷ' ஒலிகளும் சேர்ந்தே போயிருக்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

அப்புறம் சுருதி. ஸ்பூல் டேப்பில் பதிந்த வேகமும் பின்னால் ஓட்டிய வேகமும் ஒத்துவராவிட்டால் குரலே வேறு யாருடையதோ என்று ஆகிவிடும். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். அதே வித்வான் அதே காலத்தில் பாடிய இன்னொரு பதிவோடு ஒப்பிடுங்கள். இளமைக்காலப் பதிவு உதவாது, வயது ஏற ஏறச் சுருதியை இறக்கிக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டேப்பின் அடியில் 'ம்ம்' என்று ஓடும் முனகல் அதிலிருந்து வந்ததுதான். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பாட்டில்லாத சில விநாடிகளைத் தேர்ந்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று காட்டும் படம்) போடுங்கள். அதில் 'Size' என்ற அளவை 65536-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 50-உம் 53-உம் ஒரே மேடாகத் தெரியும். மேடு 53-இல் நின்றால் டேப்பை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். கூடவே 50-இலும் ஒரு மேடு இருந்தால் அது டிஜிட்டலுக்கு மாற்றிய கருவியின் முனகலாக இருக்கும். மின்சாரமும் கொஞ்சம் ஏறி இறங்கக்கூடியது, அதனால் அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்ததே மூன்று, மூன்றரை நிமிடம். நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) இல்லை, ஸ்வரம் இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் ராகத்தின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சபாவில் எடுத்த நேரடிப் பதிவென்றால் மைக்குகளை இணைக்கும் ஒலி மிக்சரிலிருந்து நேராக எடுத்ததா, அரங்கில் மைக் வைத்து எடுத்ததா என்று கண்டுபிடியுங்கள். மிருதங்கம் மைக் இல்லாமலே அரங்கத்தை நிறைக்கும், அதனால் மிக்சரில் அதைக் குறைத்துத்தான் வைப்பார்கள். அந்தப் பதிவில் பாட்டு பளிச்சென்று இருக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி பலவீனமாக இருக்கும். பாலக்காடு மணி ஐயர் வாசித்த கச்சேரியில் கும்கி (தொப்பியில் எழும் குழைந்த நாதம்) காதில் விழாவிட்டால் பாதிக் கச்சேரி போனதாகவே நான் நினைப்பேன்.

தனி ஆவர்த்தனத்தை (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியை) வெட்டிய வெளியீடுகளை நான் வாங்குவதில்லை. தனி முடிந்து எல்லோரும் பல்லவிக்குத் திரும்பும் அந்தக் கணத்துக்காகத்தானே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்! வெட்டைக் கண்டுபிடிக்கவும் தம்புராதான் துணை. ப-ஸ-ஸ-ஸ என்ற மீட்டல் திடீரென்று தடுக்கினால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது.

உறையையும் படியுங்கள். எந்த வருடம், எந்த சபா, வயலின் யார், மிருதங்கம் யார்? பக்கவாத்தியக்காரர் பெயரைக்கூடப் போடாத மறுவெளியீடு, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரைகுறை வேலைதான்.