லைஃப் கோச் ஆக நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

"ஒரு பிரச்சினை என்றால் நண்பர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அதனால் லைஃப் கோச் ஆகலாம் என்று பார்க்கிறேன்."

லைஃப் கோச் என்பவர், கேள்விகள் கேட்டு, ஒருவர் தன் வாழ்க்கை முடிவுகளைத் தானே யோசித்து எடுக்க உதவுபவர். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பலர் சொல்கிற காரணம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கல் ஆரம்பிக்கிற இடமும் இதுவே. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிப் பழகிய நாக்கு, கோச்சிங்கில் முதல் வேலையாக அடங்கக் கற்க வேண்டும். நல்ல மனசும் அனுபவமும் பேச்சுத் திறமையும் இருப்பவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்து, எதிரே இருப்பவர் யோசித்து முடிப்பதற்குள் பதிலைக் கையில் கொடுக்க வைத்துவிடும்.

பதில் கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். மருத்துவரும் வழக்கறிஞரும் பதில்தானே கொடுக்கிறார்கள்? சரி, ஆனால் அவர்கள் கொடுப்பது அவர்கள் படித்த விஷயத்தில். கோச்சிடம் வருகிற கிளையன்ட்டின் வாழ்க்கையைக் கிளையன்ட்டை விட அதிகம் படித்தவர் யாரும் இல்லை. இந்த எண்ணத்தின் வேர்களில் ஒன்று டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. 1970களில் டிமோத்தி கால்வே என்ற பயிற்சியாளர், 'மணிக்கட்டை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு' என்று சொல்லச் சொல்ல மாணவர்களின் உடல் விறைத்துப்போவதைக் கவனித்தார். அதற்குப் பதிலாக, பந்து தரையில் பட்டதும் 'பவுன்ஸ்' என்றும் மட்டையில் பட்டதும் 'ஹிட்' என்றும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். மாணவரின் கவனம் பந்துக்குப் போனதும் ஆட்டம் தானாகச் சீரானது. பிறகு பிரிட்டிஷ் பயிற்சியாளர் ஜான் விட்மோர் போன்றவர்கள் இந்த அணுகுமுறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1992-இல் விட்மோர் எழுதிய புத்தகம் வழியாகப் பரவிய 'குரோ' (GROW) முறையைத்தான் இன்றும் பல பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித் தருகிறார்கள்: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறேன், என்னென்ன வழிகள் உண்டு, இவற்றில் எதைச் செய்யப்போகிறேன்.

முறை எளிது. அதைக் கையாள்கிறவரின் மனநிலைதான் கஷ்டம்.

கேள்விக்குறி போட்ட அறிவுரை

ஒருவர் வந்து உட்கார்ந்து, "வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்கிறார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் உடனே கேட்பார்: "கையில் சேமிப்பு இருக்கிறதா? மேலாளரிடம் பேசிப் பார்த்தால் என்ன? கொஞ்ச நாள் லீவு போட்டுப் பார்த்தீர்களா?" மூன்றும் கேள்வி மாதிரி இருக்கின்றன. உள்ளே இருப்பது மூன்று யோசனைகள். போதாததற்கு மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டதால், கிளையன்ட் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்.

இதே இடத்தில் பழகிய ஒரு கோச் இப்படிக் கேட்கக்கூடும்: "விட்டுவிடலாம் என்ற நினைப்பு எப்போது அதிகமாக வருகிறது?"

"எப்போதும்தான்... இல்லை, திங்கட்கிழமை காலையில். அன்றைக்கு ஒரு கூட்டம் நடக்கும். அதில் நான் வாய் திறக்க இடமே இருக்காது."

கோச் எதுவும் பேசவில்லை. பத்து விநாடி போகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு யுகம்.

"வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கூட்டம்தான் பிடிக்கவில்லை போல."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கோச் சொல்லியிருந்தால் கிளையன்ட் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் வாயிலிருந்தே வந்ததால் அது அவருடையது. அடுத்த திங்கட்கிழமை அதை வைத்து ஏதாவது செய்து பார்ப்பார். அந்தப் பத்து விநாடியைத் தாங்க முடியாமல் இடையில் புகுவதுதான் ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு. மௌனம் வந்தால் செஷன் தோற்றுவிட்டது என்ற பயம் அவர்களுக்கு.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளிலும் ஜாக்கிரதை வேண்டும். "ஏன் இன்னும் அதைச் செய்யவில்லை?" என்று கேட்டால் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல் காரணம் அடுக்க ஆரம்பிப்பார்கள். "எது தடுத்தது?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். சின்ன மாற்றம்தான், ஆனால் எதிரே இருப்பவரின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

உங்கள் கதை உங்களுடையது

கடனில் மூழ்கி எழுந்தவர், மணமுறிவைத் தாண்டி வந்தவர், நோயிலிருந்து மீண்டவர் என்று சொந்த அடியிலிருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அதிகம். அதில் குறையொன்றும் இல்லை. அடிபட்டவருக்கு அடுத்தவர் வலி சீக்கிரம் புரியும். ஆனால் "நான் எப்படி எழுந்தேனோ அப்படியே நீங்களும் எழலாம்" என்று தன் பாதையைச் சூத்திரம் ஆக்கும்போது கோணல் தொடங்குகிறது. அவருக்கு அதிகாலையில் எழுவதும் நாட்குறிப்பு எழுதுவதும் உதவியிருக்கலாம். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவருக்கு அதே அறிவுரை இன்னொரு சுமை.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. பிறருக்குத் தேவைப்படுகிறவராக இருப்பதில் ஒரு போதை இருக்கிறது. நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் உடனே பதில், 'நீங்கள் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேனோ' என்ற வார்த்தையில் ஒரு குளிர்ச்சி, செஷன்கள் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போவது. கிளையன்ட் உங்களிடம் கேட்காமல் எந்த முடிவும் எடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார் என்றால், உறவு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேலை பின்னோக்கிப் போகிறது. இத்தனை செஷன், அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து தொடர்வதா நிறுத்துவதா என்று பார்ப்போம் என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

சொந்த வாழ்க்கை நூறு சதவீதம் சரியாக இருந்தால்தான் கோச் ஆகலாம் என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லை. உங்கள் காயம் செஷனுக்குள் நுழையும்போது அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

சான்றிதழ் விஷயம்

பெரும்பாலான நாடுகளில் லைஃப் கோச் ஆக அரசு உரிமம் எதுவும் கிடையாது. இன்று காலை முடிவெடுத்து மாலையில் பலகை மாட்டலாம். இதனால் இரண்டு தரப்பு தவறுகள் நடக்கின்றன. ஒரு தரப்பு, 'சட்டமே கேட்கவில்லை, பயிற்சி எதற்கு?' என்கிறது. இன்னொரு தரப்பு, வார இறுதியில் வீடியோ பார்த்து வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, தகுதி வந்துவிட்டது என்று நம்புகிறது.

அரசு விதி இல்லாத இடத்தில் தொழில்முறை அமைப்புகள்தான் அளவுகோல் வைத்திருக்கின்றன. அவற்றில் பரவலாக அறியப்பட்டது 1995-இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன், சுருக்கமாக ஐ.சி.எஃப். அதன் தொடக்க நிலைத் தகுதியான ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், கிளையன்ட்டுகளோடு 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். உச்ச நிலையான எம்.சி.சி.க்கு 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம். பயிற்சிக் கணக்கையும் அனுபவக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பில் உட்காரும் நேரம் மெல்ல ஏறுகிறது, ஆட்களோடு உட்காரும் நேரம் பல மடங்காகிறது. எங்கே கற்றுக்கொள்ள முடியும் என்று அந்த அமைப்பு நினைக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். (விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம்: அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடிப்பது வேறு, தனிநபராகத் தகுதி பெறுவது வேறு. வகுப்பை முடித்தவுடனேயே பெயருக்குப் பின்னால் ஏ.சி.சி. என்று போட்டுக்கொள்ள முடியாது. அனுபவ மணிகளைச் சேர்க்க வேண்டும், அனுபவமுள்ள கோச் ஒருவரிடம் 10 மணி நேர வழிகாட்டல் பெற வேண்டும், உங்கள் செஷன் மதிப்பிடப்பட வேண்டும், தேர்வும் உண்டு. தகுதி கிடைத்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் பயிற்சி நிறுவனத்திடம் ஒரே ஒரு விஷயத்தைக் குடைந்து கேளுங்கள்: நான் கோச்சிங் செய்வதை யாராவது நேரில் பார்த்து, எங்கே சறுக்கினேன் என்று சொல்வார்களா, எத்தனை முறை? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். பட்டப்படிப்பு இதற்குக் கட்டாயமில்லை. உளவியல் படித்திருந்தால் ஒரு கூடுதல் பலன் உண்டு: எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

நிறுத்த வேண்டிய இடம்

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு, எல்லாவற்றையும் கோச்சிங்கால் சரிசெய்யலாம் என்று நினைப்பது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் போய், எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பவருக்கு இலக்கு நிர்ணயம் உதவாது. அதை எட்ட முடியாதபோது 'இதுகூட என்னால் முடியவில்லை' என்று இன்னும் தாழ்ந்துபோவார். குடி, போதைப் பழக்கம், வீட்டில் அடி உதை, பழைய கொடுமைகளின் நினைவு திரும்பத் திரும்ப வருவது என்றால் அங்கே மனநல மருத்துவரோ சிகிச்சை அளிக்கத் தகுதி பெற்ற ஆலோசகரோ தேவை. மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு கோச்சிடம் ஒரே பதில்தான்: மருந்து எழுதிய மருத்துவரைக் கேளுங்கள்.

'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற தொனி பேச்சில் தென்பட்டால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அவசர உதவியோடு இணைக்க வேண்டும். அந்த எண்கள் தேவைப்படும் நாளில் தேடுவதாக இருக்கக் கூடாது, முதல் கிளையன்ட் வருவதற்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வைப்பது உத்தமம். இது சிகிச்சை அல்ல, பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த உறுதியை மீற வேண்டிவரும், கட்டணம் இவ்வளவு, வராவிட்டால் இப்படி. ஒரு பக்கம் போதும். நிறுவனம் பணம் கட்டி ஊழியரை அனுப்பும்போது இது இன்னும் முக்கியம். ஒரு மாதம் கழித்து மேலாளர் சிரித்துக்கொண்டே, "எப்படிப் போகிறது? ஏதாவது சொன்னாரா?" என்று கேட்பார். அவருக்கு என்ன தெரியலாம், என்ன தெரியக்கூடாது என்று மூவரும் உட்கார்ந்து முதலிலேயே பேசியிருந்தால் அந்தச் சிரிப்புக்குச் சிரிப்பாலேயே பதில் சொல்லிவிடலாம். பெயரைச் சொல்லாமல் 'என் கிளையன்ட் ஒருவர்' என்று சமூக ஊடகத்தில் கதை எழுதுவதும் இதே வகைதான். தொழிலையும் குடும்ப நிலையையும் சேர்த்து எழுதினால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. '90 நாளில் வாழ்க்கையை மாற்றுகிறேன்' என்று உத்தரவாதம் கொடுக்காதீர்கள். மாற வேண்டியவர் நீங்கள் அல்ல. இருக்கிற வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். முதல் மாதத்திலேயே வீட்டு வாடகைக்கு கிளையன்ட்டை நம்பியிருப்பவரால், 'உங்களுக்குத் தேவை நான் அல்ல, மருத்துவர்' என்று சொல்வது கஷ்டம். மாலையும் வார இறுதியுமாகத் தொடங்குங்கள். உடன் பயில்பவர்கள் இருவரோடு மூவர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் கோச், ஒருவர் கிளையன்ட், ஒருவர் பார்வையாளர் என்று மாறி மாறிப் பழகுங்கள். சம்மதம் வாங்கிப் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் குரல் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எந்த இடத்தில் எதிரே இருப்பவர் மூச்சு இழுத்துப் பேச வரும்போது நீங்கள் குறுக்கே வந்தீர்கள் என்று பதிவே காட்டிக்கொடுத்துவிடும்.