சோல் இசையில் பாடகருக்குக் கீபோர்டு வாசிக்கும் முறை

வடசென்னையில் கீபோர்டு வாசிப்பவர்களில் பலர் தேவாலயப் பாடற்குழுவில் கை பழகியவர்கள். சோல் இசைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களில் வேர்கொண்ட இசை அது. ஞாயிறு ஆராதனையில் 'ஆமென்' என்று இழுத்து முடிக்கும்போது எஃப் கார்டிலிருந்து (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) சி கார்டுக்கு வருகிறோம் அல்லவா, அவற்றுக்கு நடுவே எஃப் மைனரை வைத்துப் பாருங்கள். ஏ சுரம் ஏ ஃபிளாட்டுக்கு இறங்கி, அங்கே ஒரு கணம் தயங்கி, ஜியில் வந்து அமரும். அந்த ஒற்றை விரலின் இறக்கத்தில் பாட்டின் ஏக்கம் முழுவதும் கேட்கும். ஸ்கேலைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பாமல் 12 ஸ்கேல்களிலும் இதைப் பழகுங்கள்.

மெதுவான சோல் பாடல்கள் பலவும் 12/8 தாளத்தில் நடக்கும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கானாவும் மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு, அடிக்கு மூன்றாகப் பிரியும் அந்த நடை பிடிபட நாளாகாது.

ஆர்கன் ஒலியில் வாசிக்கும்போது விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலைத் தொடாதீர்கள். சுரங்களை விரலாலேயே பிடித்து, வால்யூம் பெடலால் ஏற்றி இறக்குங்கள். பேஸ் கிட்டார் இருந்தால் இடது கை கீழ்ச் சுரங்களுக்குப் போகவே கூடாது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, வாசிக்காமல் இருக்கக் கற்பது. 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில், சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் பாட்டை எப்படி எடுப்பது என்று எல்லோரும் திகைத்து நின்றபோது, வர்லிட்சர் மின்பியானோவில் கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்டம் கண்டெடுத்த சிறு சுர வரிசையே வழி திறந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் பதில் சொல்லுங்கள். அவர் பாடும்போது கார்டைப் பிடித்துக் காத்திருங்கள்.

ஓல்டம், பாடலாசிரியர் டான் பென்னுடன் சேர்ந்து பாடல்களும் எழுதினார். நீங்களும் எழுதுங்கள், ஏனெனில் வாசிப்புக்குப் பெரும்பாலும் அன்றைய சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நான் போட்ட மெட்டு ஒன்று என் பெயரில்லாமலே வெளிவந்தது. கையில் காகிதம் இல்லாததால் கேட்க முடியவில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு தருகிறது. ஆகவே பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பவற்றைத் தேதியிட்டு எழுதி, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.