கள்ளிமுளையானை அடையாளம் காண்பது எப்படி?

வேலூர் வெயிலில் பாறை கொதிக்கும்போதும் அதன் இடுக்கில் பச்சை மாறாமல் நிற்கும் சின்னச் செடி கள்ளிமுளையான். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் ஒடித்து மெல்லுவது இதைத்தான். பெயரில் கள்ளி இருந்தாலும் இது எருக்கின் குடும்பம்.

முதலில் இடம். காட்பாடி, வள்ளிமலைப் பக்கம் இருப்பது போன்ற பாறைக் குன்றுகளில், சரளை மண்ணில் தேடுங்கள். வெட்டவெளியை விட்டுவிட்டு முள்புதரின் அடியில் குனிந்து பாருங்கள். ஆட்டின் வாய்க்குத் தப்பியது அங்கேதான் இருக்கும்.

அடுத்து தண்டு. விரல் பருமன், ஏறக்குறைய ஒரு சாண் உயரம். விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டையும் தெரியும். நுனிக்குப் போகப் போக மெலியும். விளிம்பில் சின்னப் பற்கள் இருக்கும், ஆனால் குத்தாது. இலை துளியாக வந்து உதிர்ந்துவிடும். பிரண்டையும் நான்கு பட்டைதானே என்பீர்கள். பிரண்டை கணுக்கணுவாக, பற்றுச்சுருள் விட்டுக் கொடியாகப் படரும். இது கொடி ஏறாது, நிமிர்ந்து நிற்கும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். சதுரக்கள்ளியின் இளங்கன்றும் பார்க்க இப்படியே இருக்கும். அதில் முள் இரண்டிரண்டாக இருக்கும், கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, குச்சியால் நுனியை லேசாகக் கீறுங்கள். கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் கசியும். பால் வந்தால், யார் என்ன சொன்னாலும் தொடாதீர்கள்.

சரி, பால் இல்லை. அதற்காக உடனே வாயில் வைத்துவிட வேண்டாம். மழைக்குப் பின் நுனிப் பக்கம் பூக்கும்வரை பொறுங்கள். கரும் ஊதாவில் ஐந்து இதழ், ஓரத்தில் மெல்லிய மயிர். காற்று பட்டால் அந்த மயிர் நடுங்குவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு! காய் இரட்டைக் கொம்பு மாதிரி, உள்ளே எருக்கம்பஞ்சு போல. அப்புறம், இதைத் தின்று பழகிய ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

உறுதியானால் முதல் தடவை ஒரு சிறு துண்டு போதும். புளிப்பும் கசப்பும் கலந்திருக்கும். வதக்கி, மிளகாய், உளுந்து, புளி சேர்த்துத் துவையல் அரைக்கலாம். கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

காப்புக்காட்டில் பறிக்காதீர்கள். மற்ற இடத்திலும் வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் விரல் நீளம் நறுக்குங்கள். அதில் ஒரு துண்டை நிழலில் சில நாள் உலர்த்தி மணல் கலந்த தொட்டியில் நட்டால் வேர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் அதிகம் ஊற்றாதீர்கள், அழுகிவிடும்.