சாவி கொடுக்கும்போதே ஒரு வீடியோ

புதுக் குடித்தனக்காரரிடம் சாவி கொடுக்கும்போது, அவரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து மூடுவது, சுவிட்ச் போடுவது, ஜன்னல் கண்ணாடி, கழிவறைக் கோப்பை, கடைசியாக கரண்ட் மீட்டர் ரீடிங். அங்கேயே நின்று அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

தேதியோடும் நேரத்தோடும் இருவர் போனிலும் பதிவு இருப்பதால், காலி செய்யும்போது "இது முன்னாலேயே உடைஞ்சிருந்தது" என்ற பேச்சே வராது. அட்வான்ஸில் கழிப்பதும் சண்டையில்லாமல் முடியும். போன் மாற்றினால் வீடியோ போய்விடலாம், அதனால் வேறு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது செல்லாது. செங்கோட்டைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் சுவர் ஓதம் காத்துப் பெயிண்ட் உரிந்தால் அதைக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வெள்ளையடிப்பதையும் வயரிங்கையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. ஏற்கனவே குடியிருப்பவர் வீட்டில் இப்போது எடுக்கும் வீடியோ, இனி வரும் சேதத்துக்கு மட்டும்தான் உதவும்.