கிழக்கு ஜெர்மனிக்கு வருகிறீர்களா? ‘அவர்கள் அப்படித்தான்’ என்ற பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

லைப்ஸிக், டிரெஸ்டன், கெம்னிட்ஸ், மக்டெபுர்க், இல்மனாவ். படிக்கவும் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கவும் நம்மவர்கள் வந்து சேரும் ஊர்கள் இவை. விமானம் ஏறுவதற்கு முன்பே மியூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருக்கும் நண்பர் எச்சரித்திருப்பார்: “கிழக்கத்தியர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சர்வாதிகாரத்தில் வளர்ந்தவர்கள், மேலே இருப்பவன் சொன்னால் தலையாட்டுவார்கள்.” இதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் ஒவ்வொரு மௌனமும் உங்களுக்கு வெறுப்பாகவே தெரியும். முதல் வருடம் வீணாகிவிடும்.

நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. 1949 முதல் 1990 வரை இங்கே தனி நாடு இருந்தது. ஆட்சி ஒரே கட்சியின் கையில். ஸ்டாசி என்ற உளவு அமைச்சகத்தில் 1989-இல் சுமார் 91,000 பேர் முழுநேர ஊழியர்கள். அவர்களைத் தவிர ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரகசியமாகத் தகவல் கொடுத்தார்கள். அவர்களில் சக ஊழியர், அண்டை வீட்டார், சில வேளை கட்டிய கணவனே இருந்ததுண்டு. அந்த நாட்களில் அடுக்குமாடி வீடுகளில் ஒரு குறிப்பேடு இருக்கும். அங்கே குடியிருக்கும் ஒருவரே அதற்குப் பொறுப்பாளர். வெளியூர் விருந்தாளி சில நாள் தங்கினால் அவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். மேற்கிலிருந்து வந்தவர் என்றால் இன்னும் கெடுபிடி.

அதனால்தான் சொல்கிறேன்: பார்த்தவுடன் சம்பளம், கல்யாணம், கட்சி என்று விசாரிக்காதீர்கள். நம் ஊரில் அது பாசம். இங்கே வயதானவர் காதில் அது வேறு மாதிரி விழக்கூடும். “நீங்கள் ஸ்டாசியில் இருந்தீர்களா?” என்ற கேள்வியை விளையாட்டுக்குக்கூடக் கேட்கக் கூடாது. அதற்காக எல்லா மௌனத்தையும் ஸ்டாசி கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். ஹாம்பர்க்கிலும் அந்நியரோடு லிஃப்டில் அரட்டை அடிக்க மாட்டார்கள். முப்பது வயதுக்காரர் அந்த நாட்டில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை.

தலையாட்டிகள் என்ற பேச்சுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. 1953 ஜூன் 17 அன்று தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சோவியத் டாங்கிகளைக் கொண்டு அடக்கினார்கள். 1989 அக்டோபர் 9 அன்று லைப்ஸிக்கில் நிகோலாய் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து சுமார் 70,000 பேர் நகர வளையச் சாலையில் நடந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில்தான் பெய்ஜிங்கில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அதைக் கிழக்கு ஜெர்மனி அரசு வெளிப்படையாக ஆதரித்திருந்தது. இங்கேயும் சுடுவார்கள் என்ற பயத்தோடுதான் நடந்தார்கள். ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. டிசம்பர் 4 அன்று லைப்ஸிக் ஸ்டாசி அலுவலகத்தையே மக்கள் கைப்பற்றினார்கள். ‘ருண்டே எக்கே’ என்ற அந்தக் கட்டிடம் இன்று அருங்காட்சியகம். வந்த முதல் மாதமே போய்ப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இன்றைய கசப்புக்குச் சர்வாதிகாரத்தைவிட அதற்குப் பின் வந்த ஆண்டுகள் பெரிய காரணம். சுமார் 40 லட்சம் பேர் வேலை பார்த்த அரசு நிறுவனங்களை விற்கவும் மூடவும் ‘டிராய்ஹாண்ட்’ என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். என் கீழ்வீட்டு மூதாட்டி லைப்ஸிக் பருத்தி நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆலையில் உற்பத்தி தொண்ணூறுகளில் நின்றது. இப்போது அங்கே ஓவியக் கூடங்கள். படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. ஒரு நாள் என் பார்சலை வாங்கி வைத்திருந்தார். அதைத் தரும்போது, நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் விதத்தை வெறும் விரல்களால் காட்டினார். “இது தெரிந்தவள் யாருக்கும் தேவைப்படவில்லை” என்றார். ‘எப்போதும் முறையிடுபவர்கள்’ என்று மேற்கில் கேலி செய்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

நிறவெறி இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். வியட்நாம், மொசாம்பிக் நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்த அந்த அரசு, அவர்களைத் தனி விடுதிகளில் ஒதுக்கி வைத்தது. நம் ஈழத் தமிழர்கள் பலர் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் அகதிகளாக நுழைந்தார்கள். கடந்து போக விட்டார்கள், தங்க விடவில்லை. 1991-இல் ஹோயர்ஸ்வெர்டாவிலும் 1992-இல் ரோஸ்டாக்கிலும் வெளிநாட்டவர் குடியிருப்புகளைக் கும்பல் தாக்கியது. ஆனால் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்துக் கொன்ற சம்பவங்கள் நடந்த மோல்ன், சோலிங்கன் இரண்டும் மேற்கில் உள்ள ஊர்கள். 2024-இல் துரிங்கியா மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் அதற்கு எதிராகவும் விழுந்தன.

யாராவது மிரட்டினால் ‘இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்’ என்று விழுங்கிக்கொள்ளாதீர்கள். உடனே காவல்துறையின் 110 எண்ணை அழையுங்கள். பக்கத்தில் நின்றவர்களிடம் சாட்சி சொல்லக் கேளுங்கள். பெயரையும் எண்ணையும் வாங்கி வையுங்கள். லைப்ஸிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் ‘ஆர்.ஏ.ஏ.’, துரிங்கியாவில் ‘எஸ்ரா’ ஆகிய ஆலோசனை மையங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டணமின்றி உதவுகின்றன.

பழக வேண்டுமானால் ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள்: சதுரங்கம், பாட்டுக்குழு, தன்னார்வத் தீயணைப்புப் படை எதுவானாலும் சரி. லைப்ஸிக்கில் என்றால் சிறு தோட்டச் சங்கம் இன்னும் நல்லது. பாத்தி கொத்தும்போது கேட்காமலே கதை சொல்வார்கள். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள்.