களனி முகத்துவாரத்துச் சேற்றைச் சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

களனி கங்கை கடலில் விழும் கொழும்பு மட்டக்குளிப் பக்கம் ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் போத்தலோடு வருகிறார்கள். ஆற்று நீரை அள்ளிச் சோதித்து, 'பார உலோகம் குறைவுதான்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். ஈயமும் கட்மியமும் செப்பும் பெரும்பாலும் மெல்லிய களித்துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. உப்புநீர் கலந்ததும் அந்தத் துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் படிந்துவிடும். ஆகவே சேற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சேற்றை எடுத்தாலும் மிகப் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. காக்கைதீவுக் கரையில் ஒரு பிடி, ஆற்றின் வளைவில் ஒரு பிடி என்று எடுத்து இரண்டையும் அப்படியே ஒப்பிடுகிறார்கள். விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். ஒன்று நறநறக்கும், மணல். மற்றது வழுவழுவென்று ரேகைக்குள் புகுந்து, கழுவினாலும் எளிதில் போகாது, களி. மாசு ஒரே அளவு வந்து சேர்ந்தாலும் களியில் உலோகம் பல மடங்கு கூடத் தெரியும். 63 மைக்ரோனுக்கு (0.063 மில்லிமீற்றர்) குறைந்த துகள்களை மட்டும் பிரித்து அளக்க வேண்டும், அல்லது களியில் நிறைய இருக்கும் அலுமினியத்தின் அளவால் வகுத்துச் சரிசெய்ய வேண்டும். அரிப்பதற்கு நைலோன் அரிதட்டே நல்லது. பித்தளை அரிதட்டிலிருந்து செப்பும் நாகமும் (துத்தநாகம்) மாதிரிக்குள் கலந்துவிடும்.

அப்புறம், எதோடு ஒப்பிடுவது? பலரும் 1961இல் வெளிவந்த, களிப்பாறைகளின் உலகச் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஈயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம். களனிப் படுகையிலோ செம்பூரான் மண் நிறைய, இரும்பு இயல்பாகவே அதிகம்; அந்தச் சராசரி இங்கே அப்படியே பொருந்தாது. ஆழத்துப் பழைய அடுக்கை எடுத்து, அதையே இந்த ஆற்றின் இயல்பு அளவாக வைப்பது நியாயமானது.

சுவீடன் ஆய்வாளர் ஹாகன்சன் 1980இல் தந்த சூழல் ஆபத்துச் சுட்டியில் இரசத்துக்கு 40, கட்மியத்துக்கு 30, நாகத்துக்கு 1 என்று நச்சுப் பெறுமதிகள் உண்டு. அவை சுவீடன் ஏரிகளை வைத்து உருவானவை. ஒவ்வொரு உலோகத்தின் ஆபத்தையும் கூட்டி வரும் மொத்த எண்ணை மட்டும் எழுதாமல், எந்த உலோகம் அதை உயர்த்தியது என்றும் எழுதுங்கள்.

அழுகிய முட்டை மணக்கும் கறுப்புச் சேற்றில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஆபத்தில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தூர்வாரினால் காற்றுப் பட்டு அந்த உலோகம் விடுபடும். மேல் 2 சென்ரிமீற்றரைக் கீழ்ச் சேற்றோடு கலக்காமல் தனியாக எடுங்கள். மடவை மீன் மேய்வது அந்த மேற்படிவைத்தான்.